கிளைமேட் மாடல் தானாவே நகருமா? டிரிஃப்ட் பத்தி ஆரம்பத்துல இருந்து

கிளைமேட் மாடல் பத்தி எங்க பேச்சு வந்தாலும் ஒருத்தர் வந்து, "அந்த கம்ப்யூட்டர் புரோகிராமை சும்மா ஓடவிட்டாலே அது தானா சூடேறிட்டுப் போகும், அதைத்தான் புவி வெப்பமாதல்னு காட்டுறாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுறாரு. உடனே இன்னொருத்தர், "அதெல்லாம் ஒண்ணுமே கிடையாது, மாடல் பக்காவா இருக்கு"ன்னு பதில் போடுறாரு. ரெண்டுமே சரியில்ல. மாடல் தானா நகர்றது உண்மைதான். வெளியில எதுவுமே மாறாதப்போ மாடலோட கிளைமேட் வருஷக்கணக்கா மெதுவா ஒரே பக்கமா நகர்ந்துட்டே போறதுக்கு டிரிஃப்ட்னு பேரு, மாடல் எழுதுறவங்க ஐம்பது வருஷத்துக்கு மேல இதோட மல்லுக்கட்டிட்டு இருக்காங்க. ஆனா அது எவ்வளவு, எங்க ஒளிஞ்சிருக்கு, எந்தக் கணக்கைக் கெடுக்கும், எதைக் கெடுக்காதுன்னு பாக்காமலே ரெண்டு பக்கமும் சண்டை போடுறதைப் பாத்தா வருத்தமா இருக்கு, ஏன்னா பிளஸ் டூ பிசிக்ஸ் தெரிஞ்சவங்களுக்குத் தாராளமா புரியுற விஷயம் இது.

## மாடலுக்குள்ள என்ன ஓடுது

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிடலாம். கிளைமேட் மாடல்ங்கிறது பழைய வெப்பநிலை டேட்டாவை எடுத்து ஒரு கோடு போட்டு அதை அப்படியே நீட்டுறது இல்ல. பூமியைச் சின்னச் சின்னக் கட்டங்களா வெட்டி, ஒவ்வொரு கட்டத்துலயும் காத்து எப்படி நகரும், வெப்பம் எவ்வளவு வரும் போகும், ஈரம் எப்ப மழையா விழும்னு பிசிக்ஸ் விதிகளை வெச்சு அரைமணி நேரம் மாதிரி சின்னச் சின்ன அடியா கணக்குப் போட்டுட்டே போற புரோகிராம். காத்துக்கு ஒண்ணு, கடலுக்கு ஒண்ணு, கடல் பனிக்கு ஒண்ணு, நிலத்துக்கு ஒண்ணுன்னு தனித்தனியா எழுதி கடைசில ஒண்ணா இணைப்பாங்க. இந்த இணைக்கிற இடத்துலதான் நம்ம கதையே இருக்கு.

ஒரு அடி எடுத்து வெக்கும்போது துளி கணக்கு பிசகினா அப்போ ஒண்ணும் தெரியாது. ஆனா 500 வருஷம்னா கிட்டத்தட்ட 90 லட்சம் அடி. பிசகு எல்லா அடியிலயும் ஒரே பக்கமா இருந்தா அது சேர்ந்துக்கிட்டே போகும்.

## மாடியில ஒரு தண்ணித் தொட்டி

மொட்டைமாடில ஒரு பெரிய தொட்டி இருக்குன்னு வெச்சுக்கோங்க. மேல இருந்து ஒரே அளவுல தண்ணி விழுந்துட்டே இருக்கு, அடியில ஒரு குழாய் எப்பவும் திறந்திருக்கு. மட்டம் ஏற ஏற அழுத்தம் கூடும், அடிக்குழாய்ல தண்ணி வேகமா வெளிய போகும். ஒரு மட்டத்துல உள்ள வர்றதும் வெளிய போறதும் சமமாயிடும், அதுக்கப்புறம் மட்டம் அப்படியே நிக்கும். பூமியும் இப்படித்தான். சூரிய வெப்பம் உள்ள வருது, பூமி சூடாக சூடாக விண்வெளிக்கு அதிகமா வெப்பத்தை வெளிய விடுது, ரெண்டும் சமமாகுற இடத்துல வெப்பநிலை நிலைக்கும்.

இப்ப நீங்க ஆரம்பத்துலயே அந்தத் தொட்டியில வேற ஏதோ ஒரு மட்டத்துக்குத் தண்ணியை ரொப்பிட்டு விட்டுட்டீங்கன்னா என்ன ஆகும்? யாரும் எந்தக் குழாயையும் தொடலைன்னாலும் மட்டம் தன்னோட சம நிலையைத் தேடி மெதுவா ஏறவோ இறங்கவோ செய்யும். அதுதான் டிரிஃப்ட். தொட்டி எவ்வளவு பெருசோ அவ்வளவு நாள் இழுக்கும். அடிக்குழாயைக் கொஞ்சம் மூடினா அப்பவும் மட்டம் ஏறும், ஆனா அது வேற சமாச்சாரம், கார்பன் டை ஆக்சைடு கூடுறதுக்குச் சமம் அது. பிரச்சனை என்னன்னா மாடல்ல இந்த ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும், வெளியில இருந்து பாக்குறவருக்கு ரெண்டுமே மட்டம் மாறுறதாதான் தெரியும்.

சுருக்கமா, டிரிஃப்ட்டுக்கு முதல் காரணம் மாடல் ஆரம்பிச்ச இடமும் மாடல் போய் நிக்க விரும்புற இடமும் வேற வேறயா இருக்கிறது.

## ஏன் கடல்தான் வில்லன்

காத்து மண்டலம் ரொம்பச் சின்னத் தொட்டி. மொத்தக் காத்து மண்டலத்தையும் ஒரு டிகிரி சூடாக்க என்ன வெப்பம் வேணுமோ அது கடலோட மேல் ரெண்டரை, மூணு மீட்டரைச் சூடாக்குறதுலயே தீர்ந்துடும். கடலோட சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். வட அட்லாண்டிக்ல கிரீன்லாந்து பக்கமும் அண்டார்டிகாவைச் சுத்தியும் குளிர்ந்து கனமான தண்ணி அடிக்கு இறங்கி, ஆழத்துலயே ஊர்ந்து சுத்தி மறுபடி மேல வர ஆயிரம் வருஷம் அளவுக்கு ஆகும். அதனால காத்து சில மாசத்துல அடங்கிடும், நிலமும் மேல் கடலும் சில வருஷம் சில பத்து வருஷத்துல கிட்டத்தட்ட அடங்கிடும், ஆழ்கடல் மட்டும் ஆயிரக்கணக்கான வருஷம் நகர்ந்துட்டே இருக்கும்.

மாடலை அடங்குற வரைக்கும் ஓட்டிட்டு அப்புறம் ஆராய்ச்சியை ஆரம்பிக்க வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. அப்படித்தான் செய்றாங்க, அதுக்கு ஸ்பின்-அப்னு பேரு. ஆனா பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்ல கூட ஒரு நாள் ஓட்டினா மாடல்ல பத்து வருஷம்தான் நகரும்னு வெச்சுக்கிட்டா, ஆயிரம் வருஷத்துக்கு 100 நாள், மூவாயிரம் வருஷத்துக்குப் பத்து மாசம், அத்தனை நாள் மெஷினை வேற யாருக்கும் தராம இதுக்கே ஒதுக்கணும், நடுவுல மேகக் கணக்குல ஒரு சின்னத் திருத்தம் பண்ணிட்டா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதனால பெரும்பாலான குழுக்கள் சில நூறு வருஷத்தோட நிறுத்திக்கிறாங்க, ஆழ்கடல் அப்பவும் முழுசா அடங்கியிருக்காது.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. கடலை எந்த நிலையில ஆரம்பிக்கிறது? கையில இருக்கிறது கப்பல்களும், கடலுக்குள்ள தானா இறங்கி ஏறி வெப்பநிலையும் உப்பும் அளக்கிற ஆர்கோ மிதவைகளும் எடுத்த நம்ம காலத்து அளவுகள். சாதாரண ஆர்கோ மிதவை 2,000 மீட்டர் வரைக்கும்தான் இறங்கும், அதுக்குக் கீழ டேட்டா ரொம்பக் கம்மி. ஆனா மாடலை ஆரம்பிக்க வேண்டியதோ தொழிற்சாலைகள் பெருகுறதுக்கு முன்னாடி இருந்த காலத்து நிலைமையில. இந்தக் காலத்துக் கடலை அந்தக் காலத்துக் காத்தோட சேர்த்தா முதல் நாளே பொருந்தாது.

## தொட்டி ஒழுகினா?

ரெண்டாவது காரணம் இன்னும் தொல்லையானது. தொட்டியில எங்கயோ கண்ணுக்குத் தெரியாத ஒரு கசிவு இருந்தா? நிஜ பூமியில வெப்பம் காணாமப் போகாது. மாடல்ல போகும்.

காத்தோட கட்டமும் கடலோட கட்டமும் ஒரே அளவுல இருக்காது, கரையோரத்துல ஒரு கட்டத்துல பாதி நிலம் பாதி கடல்னு வரும், அங்க ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு வெப்பத்தை மாத்தும்போது துளி துளியா விட்டுப்போகலாம். காத்து உரசி வேகம் குறையும்போது அந்த ஆற்றல் வெப்பமா மாறணும், சில மாடல்கள்ல அது அப்படியே மறைஞ்சுடும். கடல்ல விழுற மழைக்குன்னு ஒரு வெப்பம் இருக்கு, அதைக் கணக்குல சேர்க்காம விடுற மாடலும் உண்டு. அண்டார்டிகா மேல விழுற பனி இன்னொரு உதாரணம். நிஜத்துல அது பனிப்பாறையா நகர்ந்து வந்து உடைஞ்சு கடலுக்குத் திரும்புது, ஆனா பல மாடல்கள்ல பனிப்பாறை நகர்ற பகுதியே கிடையாது. அப்படியே விட்டா பனி அங்கயே குவிஞ்சு கடல்ல தண்ணி குறைஞ்சு உப்பு கூடிட்டே போகும்னு, ஒரு அளவுக்கு மேல சேர்ற பனியை அவங்களே கணக்குல கடலுக்குத் திருப்பி விடுறாங்க.

ஆரம்ப நிலை பொருந்தாததால வர்ற டிரிஃப்ட் காலப்போக்குல குறையும். கசிவால வர்ற கணக்குப் பிசகு அடங்கவே அடங்காது, இல்லைன்னா தப்பான ஒரு மட்டத்துல போய் அடங்கி எல்லாம் சரியா இருக்கிற மாதிரி காட்டும். மேல இருந்து உள்ள வர்ற வெப்பம் அதிகமாவும் வெளிய போறது கம்மியாவும் இருக்கு, ஆனா கடல் சூடாகலைன்னு ஒரு மாடல் காட்டினா, அங்க எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்.

## ஒட்டுப்போட்டு ஓட்டின காலம்

சியூகுரோ மனாபே, கிர்க் பிரயன்னு ரெண்டு விஞ்ஞானிகள் அமெரிக்காவுல ஜிஎஃப்டிஎல்ங்கிற கிளைமேட் ஆய்வகத்துல காத்தையும் கடலையும் இணைச்ச முதல் மாடலை 1969-ல வெளியிட்டாங்க. அப்ப இருந்த கம்ப்யூட்டருக்குக் கடல் அடங்குற வரைக்கும் காத்திருக்கவே முடியாது, அதனால காத்தை ஒரு வருஷ அளவுக்கும் கடலை 100 வருஷ அளவுக்கும் ஓட்டி சேர்த்தாங்க, அப்பவும் கடல் அடங்கலை. மனாபேக்கு இந்த மாடல் வேலைகளுக்காக 2021-ல பிசிக்ஸ் நோபல் கிடைச்சது.

1980-கள்ல நிஜமான கண்டங்கள் கடல்களோட மாடல் பண்ண ஆரம்பிச்சப்போ டிரிஃப்ட் பெரிய தலைவலியாச்சு. காத்து மாடலைத் தனியா ஓட்டினா நல்லா ஓடும், கடல் மாடலும் தனியா நல்லா ஓடும், ரெண்டையும் சேர்த்தா கொஞ்ச வருஷத்துலயே கடல் மேற்பரப்பு பல டிகிரி தள்ளிப் போயிடும். காரணம், காத்து மாடல் கடலுக்குத் தர்ற வெப்பமும் கடல் மாடல் எதிர்பார்க்கிற வெப்பமும் வேற வேற. இதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழிதான் ஃப்ளக்ஸ் அட்ஜஸ்ட்மென்ட், அதாவது எந்த இடத்துல எந்த மாசத்துல எவ்வளவு வெப்பமும் நன்னீரும் இடிக்குதுன்னு முன்கூட்டியே கணக்குப் பண்ணி, அந்த வித்தியாசத்தைக் கடல் பரப்புல ஒரு நிலையான ஒட்டா சேர்த்துவிடுறது. ஜெர்மனியில கிளாஸ் ஹாசல்மான்ங்கிற விஞ்ஞானி இருந்த ஹாம்பர்க் குழு 1988-ல இதுக்கு ஒரு முறையை எழுதினாங்க, அதே வருஷம் மனாபேயும் அவரோட வேலை பாத்த ஸ்டவுஃபரும் இதே மாதிரி ஒட்டு வெச்ச மாடலைப் பயன்படுத்தினாங்க. இந்த ஒட்டு வருஷத்துக்கு வருஷம் மாறாது, கார்பன் டை ஆக்சைடு கூடினாலும் அதே ஒட்டுதான், அதனால வெப்பமாதலை இதுவே உருவாக்கிடுச்சுன்னு சொல்ல முடியாது.

ஆனாலும் இதைக் குறை சொன்னவங்க பக்கம் நியாயம் இருந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன். கார்பன் டை ஆக்சைடு ரெட்டிப்பானா கிடைக்கிற கூடுதல் வெப்பம் சதுர மீட்டருக்கு நாலு வாட் கிட்ட. ஒட்டோ சில இடங்கள்ல பத்துக்கணக்கான வாட். பிசிக்ஸ் மாடல்னு சொல்லிட்டு இவ்வளவு பெரிய ஒட்டைக் கையில சேர்த்தா யாருக்கும் உறுத்தத்தான் செய்யும், மாடல் எழுதினவங்களுக்கே உறுத்துச்சு.

அதுல இருந்து வெளிய வந்தது 1990-கள் கடைசில. அமெரிக்காவுல போல்டர்ல இருக்கிற என்கார்ங்கிற ஆய்வு மையம் 1998-ல ஒட்டு இல்லாத மாடலை வெளியிட்டாங்க. பிரிட்டன்ல ஹாட்லி சென்டர்ங்கிற கிளைமேட் ஆய்வு மையம் ஹாட்சிஎம்3-னு ஒரு மாடல் பண்ணினாங்க, அதைப் பத்தின பேப்பர் 2000-ல வந்துச்சு. அதுக்கு முந்தின ஹாட்சிஎம்2-ல கடல் கட்டம் ஒண்ணு 2.5 டிகிரிக்கு 3.75 டிகிரி, அதாவது பூமத்திய ரேகை பக்கம் சுமார் 280 கிலோமீட்டருக்கு 420 கிலோமீட்டர். புதுசுல 1.25 டிகிரி, சுமார் 140 கிலோமீட்டர். கட்டம் சின்னதானதும் நீரோட்டங்கள் வெப்பத்தை வடக்கயும் தெற்கயும் கொண்டுபோறது நிஜத்துக்குக் கிட்ட வந்துச்சு, கலக்குற கணக்கும் மேம்பட்டுச்சு, காத்துப் பகுதி தர்ற வெப்பமும் கடல் பகுதி கேட்கிற வெப்பமும் கிட்டத்தட்ட பொருந்திடுச்சு. ஒட்டே இல்லாம ஆயிரம் வருஷத்துக்கு மேல ஓட்டியும் மேற்பரப்பு வெப்பநிலை பெருசா நகரலை. 2007-ல ஐபிசிசிங்கிற ஐ.நா. கிளைமேட் குழுவோட நாலாவது அறிக்கை வந்தப்போ பெரும்பாலான மாடல்கள் ஒட்டைக் கழட்டி வெச்சிருந்தாங்க. ஒட்டைக் கழட்டினதும் வெப்பமாதல் காணாமப் போகலைங்கிறதுதான் இதுல எனக்கு முக்கியமா தெரியுது.

## ரெண்டாவது தொட்டியைத் தொடாம விடுறது

மிச்சம் இருக்கிற டிரிஃப்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அச்சு அசல் ஒரே மாதிரி ரெண்டு தொட்டி வெச்சு, ஒண்ணுல அடிக்குழாயைக் கொஞ்சம் மூடிட்டு இன்னொண்ணைத் தொடாம விடுங்க. தொடாத தொட்டியில நகர்றது டிரிஃப்ட். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குழாயை மூடினதோட விளைவு.

மாடல்ல அந்தத் தொடாத தொட்டிக்குப் பேரு கன்ட்ரோல் ரன். உலகத்துல இருக்கிற மாடல்களை எல்லாம் ஒரே விதிப்படி ஓட்டி ஒப்பிடுற சிமிப்னு ஒரு திட்டம் 1995-ல இருந்து நடக்குது. அதோட ஆறாவது சுற்றுல சேரணும்னா ஒவ்வொரு மாடலும் 1850-ஆம் வருஷத்து நிலைமையை, அதாவது கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துல 284 பங்குன்னு நிறுத்தி வெச்சு, குறைஞ்சது 500 வருஷம் ஓட்டிக் காட்டணும். அதுல எரிமலை திடீர்னு வெடிக்காது, சூரியன் மாறாது, மனுஷன் எதையும் எரிக்க மாட்டான். அதுலயும் ஏதாவது ஒரே பக்கமா நகர்ந்தா அது மாடலோட சொந்தத் தப்பு, எல்லாரும் பாக்குற மாதிரி வெளியிலயே வெச்சிருக்காங்க. டிரிஃப்டை மறைக்கிறாங்கன்னு சொல்றவங்க இந்த டேட்டாவை ஒரு தடவை திறந்து பாத்தா போதும்.

அப்புறம் கழிக்கிறது. 1850-ல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஓட்டுற ரன் கன்ட்ரோல் ரன்னோட ஏதோ ஒரு வருஷத்துல இருந்து கிளை பிரிஞ்சு போகும், அந்த வருஷத்துக்கு பிராஞ்ச் டைம்னு பேரு, டேட்டா ஃபைலுக்குள்ளயே எழுதியிருக்கும். கன்ட்ரோல்ல அந்த வருஷத்துல இருந்து ஆரம்பிக்கிற பகுதிக்கு ஒரு நேர்கோடோ மெல்லிய வளைகோடோ போட்டு, அதை மத்த ரன்ல இருந்து கழிப்பாங்க. வருஷா வருஷம் வர்ற ஏத்த இறக்கத்தைக் கழிக்கக் கூடாது, ஏன்னா எல் நினோ (பசிபிக் கடல் சில வருஷத்துக்கு ஒரு தடவை சூடாகுறது) மாதிரி தானா வந்து போற ஆட்டம் ரெண்டு ரன்லயும் வேற வேற வருஷத்துல வரும். பிராஞ்ச் டைமைப் பாக்காம கன்ட்ரோலோட முதல் வருஷத்துல இருந்து கழிச்சா, ஸ்பின்-அப் சரியா முடியாத மாடல்ல தப்பான டிரிஃப்டைக் கழிச்சிருப்பீங்க.

இதுவரைக்கும் வந்தது: காரணம் ரெண்டு, ஆரம்பம் பொருந்தாதது, வெப்பமோ தண்ணியோ கசியுறது. கண்டுபிடிக்க கன்ட்ரோல் ரன், சரிபண்ண அதைக் கழிக்கிறது.

## ஒரு சின்னக் கணக்கு

இப்ப எது கெடும் எது கெடாதுன்னு நம்பர் போட்டே பாத்துடலாம். பூமி உள்ள இழுத்துக்கிற சூரிய வெப்பம் சராசரியா சதுர மீட்டருக்கு 240 வாட். ஒரு மாடல்ல கணக்குப் பிசகி 0.1 வாட் கூடுதலா கடலுக்குள்ள சேருதுன்னு வெச்சுக்கோங்க, 2,400-ல ஒரு பங்கு. நூறு வருஷத்துல இது சதுர மீட்டருக்கு சுமார் 31 கோடி ஜூல். 3,700 மீட்டர் ஆழத் தண்ணியில அதைப் பரப்பினா வெப்பநிலை ஏறுறது 0.02 டிகிரிதான்.

0.02 டிகிரியை யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆனா தண்ணி சூடானா விரியும். அந்த 0.02 டிகிரிக்கே கடல் மட்டம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல ஏறிடும். 20-ஆம் நூற்றாண்டுல கடல் சூடாகி விரிஞ்சதால மட்டும் ஏறின மட்டமே சில சென்டிமீட்டர்தான். அப்போ நிஜமான விடையில கணிசமான பங்கு அளவுக்குப் பொய்யான நகர்வு உள்ள புகுந்துடுது, கழிக்காம விட்டா அந்த கிராஃபை நம்பவே முடியாது.

மேற்பரப்பு வெப்பநிலையோ வேற கதை. கன்ட்ரோல் ரன்ல அது நூறு வருஷத்துக்கு நகர்றது பெரும்பாலான மாடல்கள்ல பத்துல ஒரு பங்கு டிகிரிக்கும் ரொம்பக் கீழ, சிலது சூடாகுற பக்கம், சிலது குளிர்ற பக்கம். 1850-1900 சராசரியில இருந்து 2011-2020-க்குள்ள நிஜ பூமி சூடானது சுமார் 1.1 டிகிரி. டிரிஃப்ட்தான் வெப்பமாதலைக் காட்டுதுன்னு சொல்றது இந்த ரெண்டு நம்பரைப் பக்கத்துல வெச்சாலே நிக்காது. போதாததுக்கு அந்த 1.1 டிகிரியே மாடல்ல இருந்து வந்தது இல்ல, தெர்மாமீட்டர்ல அளந்தது.

## இதோட போட்டுக் குழப்புற வேற ரெண்டு

மாடல்ல சென்னை நிஜத்தைவிட எப்பவும் ரெண்டு டிகிரி சூடா இருக்குன்னா, அந்த நிலையான தப்புக்குப் பேரு பயஸ். அது நகராது, அப்படியே நிக்கும். டிரிஃப்ட் நகரும். சொல்லப்போனா நல்ல டேட்டாவுல ஆரம்பிச்ச மாடல் தன்னோட பயஸை நோக்கிப் போற பயணம்தான் பல நேரம் டிரிஃப்டா தெரியுது.

இன்னொண்ணு, "பத்து நாள் வானிலையே தப்பாகுது, நூறு வருஷத்துல தப்பு எவ்வளவு பெருகியிருக்கும்"ங்கிறது. வானிலையில வளர்ற தப்பு எந்த நாள்ல எங்க மழைங்கிறதைக் கலைக்கும். ஆனா தொட்டியோட சராசரி மட்டத்தை உள்ள வர்றதும் வெளிய போறதும்தான் முடிவு பண்ணும், மட்டம் மேல போனா வெளிய போறது கூடி அது கீழ இழுக்கப்படும். அதனால தப்பு எல்லை இல்லாம பெருகாது. டிரிஃப்ட் அப்படிக் கண்டபடி பெருகுற வகையும் இல்ல, மெதுவா, ஒரே பக்கமா, அளக்கிற மாதிரி நகர்றது. அதனாலதான் அதைக் கழிக்கவே முடியுது.

## பருவமழைக்கும் வருது

நூறு வருஷக் கணக்குக்கு மட்டும் இல்ல, சில மாசக் கணக்குக்கும் டிரிஃப்ட் உண்டு. இந்தியாவுல பருவமழை முன்னறிவிப்புக்குப் பயன்படுற சிஎஃப்எஸ் (அமெரிக்காவுல உருவான ஒரு முன்னறிவிப்பு மாடல்) மாதிரி மாடல்களை நிஜக் கடல் நிலைமையோட ஆரம்பிப்பாங்க, மாடலோ வாரக்கணக்குலயே தனக்குப் பிடிச்ச நிலைக்கு சரிய ஆரம்பிச்சுடும். அதனால அதே மாடலைப் பழைய வருஷங்களுக்கும் ஓட்டி, ஆரம்பிச்சு எத்தனாவது மாசத்துல சராசரியா எவ்வளவு தள்ளிப் போகுதுன்னு பாத்து அதைக் கழிச்சுத்தான் முன்னறிவிப்பு சொல்றாங்க. புனேவுல இருக்கிற ஐஐடிஎம்ங்கிற வானிலை ஆய்வு நிறுவனம் இந்த சிஎஃப்எஸ் மாடலைத்தான் எடுத்து நூறாண்டுக் கணக்குக்கு ஏத்த மாதிரி மாத்தினாங்க. சில மாச ஓட்டத்துக்கு உள்ள வர்ற வெப்பமும் வெளிய போறதும் சமமா இல்லைன்னாலும் சமாளிக்கலாம், நூறு வருஷத்துக்கு அது ஆகாது, அதனால கடல் பகுதியையே மாத்தி, வெப்பக் கணக்கைச் சமன் பண்ண அவங்க நிறைய உழைக்க வேண்டியிருந்துச்சு. அந்த மாடல்தான் அப்புறம் இந்தியாவுல இருந்து சிமிப் ஆறாவது சுற்றுல சேர்ந்துச்சு.

## கழிச்சாலும் தீராதது

கழிக்கிறதுக்குப் பின்னாடி ஒரு நம்பிக்கை இருக்கு. தொடாத தொட்டியில நடக்கிற நகர்வு, குழாயை மூடின தொட்டியிலயும் அப்படியே நடக்கும்ங்கிறது அது. சின்ன டிரிஃப்டுக்கு இது பெரும்பாலும் சரியா வருது. ஆனா கடல் பனி மாதிரி ஒரு எல்லையைத் தாண்டினா சட்டுனு மாறுற விஷயத்துல கழிச்சு சரிபண்ண முடியாது. மாடல் நகர்ந்து நகர்ந்து பனியே இல்லாத இடத்துக்கு வந்துட்டா, உருகுறதுக்கு அங்க ஏது பனி? ஆழ்கடல் உப்பும் ஆக்சிஜனும் இப்படித்தான் படுத்துது.

மண்ணுலயும் கடல்லயும் இருக்கிற கார்பனையும் சேர்த்துக் கணக்குப் போடுற மாடல்கள் இப்ப நிறைய. மண்ணுக்கு அடியில இருக்கிற கார்பன் அடங்கவும் நூற்றுக்கணக்கான, சில இடங்கள்ல ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும், அதனால அங்கயும் டிரிஃப்ட் வருது. இதுக்கு சிமிப் ஆறாவது சுற்றுல ஒரு வரம்பு வெச்சாங்க. கன்ட்ரோல் ரன்ல நிலம், கடல், காத்து ஒவ்வொண்ணுலயும் இருக்கிற கார்பன் நூறு வருஷத்துக்கு 1,000 கோடி டன்னுக்கு மேல நகரக் கூடாது. இன்னிக்கு நம்ம எல்லாரும் சேர்ந்து ஒரே வருஷத்துல நிலக்கரி, பெட்ரோல், கேஸ் எரிச்சு காத்துல விடுற கார்பன் கிட்டத்தட்ட அவ்வளவு.